தேசியக் காரும் அந்நிய முதலீடும்

1960-களின் பிற்பகுதியிலிருந்து மலேசியாவில் வெளிநாட்டுக் கார்கள் பாகங்களாக வந்து இறங்கி, இங்கே பொருத்தப்பட்டன. பொருத்தும் கூலி நமக்கு, தொழில்நுட்பம் அவர்களிடம். இந்நிலையை மாற்றவே, டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த 1983-ஆம் ஆண்டில் புரோட்டோன் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஹைக்கோம் 70 விழுக்காட்டுப் பங்குகளையும், ஜப்பானின் இரு மிட்சுபிஷி நிறுவனங்கள் தலா 15 விழுக்காட்டையும் ஏற்றன. 1985 ஜூலையில் முதல் சாகா கார் வெளிவந்தது.

பங்கில் சிறியவரே நுட்பத்தில் பெரியவர் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். சாகாவின் வடிவமும் இயந்திரமும் மிட்சுபிஷியிடமிருந்து பெறப்பட்டவை. அவ்வாண்டின் இறுதியில் யென்னின் மதிப்பு ஏறியதும், ஜப்பானியப் பாகங்களின் விலையும் கூடவே ஏறிற்று. இங்கோ பொருளாதார மந்தம். கார் வாங்குவோர் குறைந்தனர். 1988-இல் மிட்சுபிஷியைச் சேர்ந்த ஜப்பானியர் ஒருவரிடமே நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. ‘தேசியக் கார்’ என்று பெருமை கொண்ட அரசுக்கு அது எளிய முடிவாக இருந்திராது.

புரோட்டோனைத் தாங்கி நின்றது வரிச் சலுகையே. அதன் பாகங்களுக்கு இறக்குமதி வரி விலக்கு. பிற கார்களுக்கோ கடும் வரி. அச்சலுகையின் சுமையைப் பிற கார்களை வாங்கியோர் சுமந்தனர். ஆசியான் வரிக்குறைப்பில் கார்களைச் சேர்ப்பதையும் அரசாங்கம் 2005 வரை தள்ளிவைத்தது.

கேம்ப்ரோ என்னும் சொந்த இயந்திரம் 2004-இல்தான் காரில் ஏறிற்று. பின்னர் மிட்சுபிஷி முற்றாக விலகியது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது; 50.1 விழுக்காடு உள்நாட்டு டி.ஆர்.பி.-ஹைக்கோமிடம் நின்றது. மறு ஆண்டு புரோட்டோன் வெளியிட்ட எக்ஸ்70, ஜீலியின் காரைத் தழுவியதே.