கல்வீட்டில் ஓதம்

பழைய கல்வீட்டுக்குள் ஈரம் மூன்று வழிகளில் வருகிறது. மண்ணிலிருந்து சுவரில் ஏறுவது ஓதம். கூரையிலோ கல்லிடுக்கிலோ மழை இறங்குவது கசிவு. அறைக்காற்றில் உள்ள ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிவது வேர்ப்பு. மூன்றும் கடைசியில் ஒரே மாதிரிக் கறையையும் பூஞ்சணத்தையும்தான் காட்டும். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட் வாளியைத் திறப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாகிறது.

நீலகிரியில் இத்தகைய வீடுகளின் வரலாறு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் 1822-இல் கட்டத் தொடங்கிய வீட்டுக்கு ஊரார் வைத்த பெயரே கல் பங்களா. அக்காலச் சுவர்கள் ஒன்றரை அடி முதல் இரண்டடி கனம் கொண்டவை. கருங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியிருப்பார்கள். இன்றைய கட்டடங்களில் கடைக்காலுக்கு மேல் போடும் ஓதத்தடுப்பு அவற்றில் இராது. கருங்கல் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. கற்களுக்கு இடையிலுள்ள காரை வழியாகத்தான் நீர் ஏறுகிறது. அதே காரை வழியாகத்தான் உலர்ந்தும் போகிறது.

எந்த வகை ஈரம் என்பதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரம் தெரியும் இடத்தை ஒரு நாள் துடைத்து உலரவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் அளவு வெட்டி, நான்கு ஓரமும் நாடாவால் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தாளின் வெளிமுகத்தில் நீர்முத்துகள் இருந்தால் அது வேர்ப்பு. சுவரை ஒட்டிய முகம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள் இருக்கிறது. கறை தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் இருந்து, அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மண் ஓதம் என்று கொள்ளலாம். மழைக்கு மறுநாள் விரிந்து, வெயிலில் சுருங்கும் கறை கசிவைக் காட்டுகிறது.

ஓதத்துக்கும் கசிவுக்கும் வேலை வீட்டுக்கு வெளியேதான். பூந்தொட்டி மேடை, தோட்ட மண், மறுபடி மறுபடி உயர்த்திய சாலை என்று பல ஆண்டுகளில் வெளித்தரை உள்தரையைவிட மேலே போயிருக்கும். அதை வெட்டி, உள்தரைக்கு அரையடியாவது கீழே கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும். சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போடும் வழக்கம் நல்லதன்று. மேலே ஆவியாக வழியில்லாத மண்ணீர் சுவரைத் தேடிப் போகும். அந்த இடத்தில் ஜல்லி நிரப்பிய ஆழமற்ற வாய்க்கால் போதும். கடைக்கால் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக்கூடாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்திலேயே கூரைத் தாரைகளில் அடைந்த யூகலிப்டஸ் இலைகளை அள்ளிவிட வேண்டும். கிழக்குச் சரிவிலுள்ள குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைக்காக இதை அக்டோபருக்கு முன் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கல்லிடுக்குகளைச் சிமென்டால் பூசுவது மிகப் பெரிய தவறு. முதல் ஆண்டு சுவர் உலர்ந்ததுபோலத் தோன்றும். பிறகு சிமென்டில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் நுழைந்த நீர் வெளியேற முடியாமல் உட்பக்கம் வரும். வாட்டர்ப்ரூஃப் பெயின்டும் இதையே செய்கிறது. கொத்தனார் சிமென்டைத்தான் சொல்வார். சுண்ணாம்புக் கலவைதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் உறுதியாக நிற்க வேண்டும்.

வேர்ப்பு வேறு கதை. 20 டிகிரி வெப்பக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 17 கிராம் ஆவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் சுவரில் நீராக இறங்குகிறது. அந்த ஆவியில் பெரும்பங்கு வீட்டாரே உண்டாக்குவது. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் எரிந்து முடியும்போது 20 லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகிறது. கொதிக்கும் உலையும், மழைக்காலத்தில் கூடத்தில் காயும் துணியும், கதவடைத்துத் தூங்குபவர்களின் மூச்சும் இதற்கு மேல் சேர்கின்றன. ஆகவே சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறப்பதும், துணியை வராந்தாவில் காயவைப்பதும் எந்த மருந்தைவிடவும் பலன் தரும்.

வெளியே பனிமூட்டமாக இருக்கும்போது ஜன்னலைத் திறக்கலாமா என்ற குழப்பம் மலையூர்களில் எப்போதும் உண்டு. வெளிக்காற்று 14 டிகிரியில் முழு ஈரத்தோடு இருந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். எனவே கணப்பு எரியும் வீட்டில் சற்று நேரம் திறப்பது நல்லது. சூடே இல்லாத வீட்டில் அது பயன் தராது. அங்கே வெயில் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து புகைபோக்கியைச் செங்கல்லால் அடைப்பவர்கள், அறையின் ஈரக்காற்றை இழுத்துச் செல்லும் வழியையே அடைக்கிறார்கள். அடைத்தே தீர வேண்டுமானால் சிறு துளையாவது விட வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக் குளிர்காய்வது உயிரையே பறிக்கும். ஈரத்துக்கு அஞ்சியும் அதைச் செய்யக்கூடாது.

பூஞ்சணம் முதலில் பிடிப்பது வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகில். அதை நான்கு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். கம்பளியும் தோல் செருப்பும் உள்சுவர்ப் பக்கம் இருக்கட்டும். பிடித்த பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூசியாகப் பறந்து மூச்சுக்குள் போகும். ஈரத்துணியால்தான் ஒற்றியெடுக்க வேண்டும்.

நீரின் வழியை அடைத்த பிறகும் சுவர் உடனே உலராது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதுவரை உப்புப் பூத்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கல்லை வெறுமனே விட்டு, பூக்கும் உப்பை அவ்வப்போது துடைத்து அள்ள வேண்டும். நீரூற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். சுவர் உலர்ந்த பின் சுண்ணாம்புப் பூச்சும், அதன்மேல் மெல்லியதாக மூன்று கை வெள்ளையும் அடிக்கலாம்.