மீனும் பாதரசமும் நினைவாற்றலும்

நுழையும்முன்

முதியோரின் நினைவு மங்கும்பொழுது, அவர்வழி வந்த கதைகளும் தொழில் நுட்பங்களும் உறவுமுறைகளும் அதனோடு மறைகின்றன. நாள்தோறும் உண்ணும் உணவுக்கும் அந்நினைவுக்கும் உள்ள தொடர்பை, மீன் என்னும் ஓர் உணவின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

மூப்பும் மறதியும்

அகவை கூடுகையில், பெயர்களை நினைவுகூரச் சற்றுக் காலம் தாழ்வது இயல்பு. நன்கு பழகிய வழியையும் பெற்ற மக்களையும் மறப்பது இயல்பன்று. அது மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம். உலகில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரைப் பற்றியிருப்பது ஆல்சைமர் நோய். இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, வருமுன் காக்கும் வழிகளை அறிவியலாளர் தேடுகின்றனர். அவற்றுள் ஒன்று உணவு.

நலமும் நஞ்சும்

மூளை உயிரணுக்களின் சவ்வில் ஒமேகா-3 வகையைச் சார்ந்த கொழுப்பு அமிலம் மிகுந்துள்ளது. உடல் அதனைச் சிறிதளவே உருவாக்க வல்லது. மீனோ அதனை நேரடியாகத் தருகிறது. அதே மீன் நஞ்சையும் சுமந்து வரக்கூடும். நிலக்கரியை எரிப்பது முதலிய செயல்களால் வெளிப்படும் பாதரசம் நீர்நிலைகளைச் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறுமீனில் சிறிதாக இருக்கும் அந்நஞ்சு, சிறுமீன்களை உண்டு நெடுநாள் வாழும் பெருமீனில் பன்மடங்காகப் பெருகுகிறது. எனவேதான், நெத்திலி, மத்தி ஆகியவற்றைவிடச் சுறாவில் பாதரசம் மிகுதி. சமைப்பதால் அது நீங்குவதில்லை.

மினமாட்டாவின் துயரம்

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் வேதித் தொழிற்சாலையொன்று பாதரசக் கழிவை நெடுங்காலம் கலந்தது. அவ்விரிகுடாவின் மீனை உண்ட மக்களுக்குக் கைகால்கள் மரத்தன, பார்வை குறுகியது, பேச்சு குழறியது. 1956ஆம் ஆண்டு இந்நோய் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது. கழிவு கலப்பது நின்றதோ 1968ஆம் ஆண்டில்தான்.

சிகாகோ ஆய்வு

அவ்வாறாயின், மீனைத் தவிர்ப்பதே நன்றா? சிகாகோவிலுள்ள ரஷ் பல்கலைக்கழகத்தின் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் இவ்வினாவை ஆராய்ந்தனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்க இசைந்திருந்த 286 முதியோரின் மூளைகளை ஆய்ந்து, 2016ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். மீன் மிகுதியாக உண்டோரின் மூளையில் பாதரசமும் மிகுந்திருந்தது. ஆயினும், அதனால் மூளைச் சிதைவு மிகுந்ததாகத் தெரியவில்லை. ஆல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணுக்கூறு உடையவருள், வாரம் ஒருமுறையேனும் மீன் உண்டோரிடம் அந்நோயின் அடையாளங்கள் குறைவாகவே காணப்பட்டன.

இம்முடிவை அளவோடு கொள்ள வேண்டும். இரண்டு நிகழ்வுகள் இணைந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. சிகாகோவில் உண்ட அளவுக்குப் பொருந்துவது, நஞ்சேறிய நீர்நிலைக்குப் பொருந்தாது. மேலும், மோரிஸ் குழுவினர் வகுத்த மூளைநல உணவுமுறையை 604 முதியோரிடம் மூன்றாண்டுகள் சோதித்த முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழுவினரைவிட அவ்வுணவை உண்டோர் குறிப்பிடத்தக்க மேம்பாடு எதனையும் பெறவில்லை. தனியோர் உணவு மாமருந்தாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

நம் கடமை

மீன் உண்போர் சிறுமீன்களைத் தேர்ந்துகொள்வது எளிய வழி, விலையும் குறைவு. ஆனால், நீரில் கலந்த நஞ்சை எவரும் தம் அடுக்களையில் பிரித்தெடுக்க இயலாது. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டதை நாம் அறிவோம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ஆம் ஆண்டு ஏற்றது. நீரைக் காப்பது மூத்தோரின் நினைவையும் காப்பதாகும். இன்று நீரில் சேர்வதே, நாளை முதுமை எய்தப்போகும் இன்றைய மாணவரின் உணவிலும் சேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் மீன்களைச் சிறுமீன், பெருமீன் எனப் பட்டியலிடுக.
2. ‘இணைந்து காணப்படுவது வேறு, காரணமாவது வேறு’ – சான்று தந்து விளக்குக.