நம் உயிர் காத்தவர்களின் மனக்காயம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டுமாக.

2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர்தாம் நள்ளிரவில் மண்ணை அள்ளிப் போட்டுக் குழியை மூடினார். மறுநாள் பணிக்குப் போன செவிலியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் (புகாரி). அந்த ஜனாஸாவுக்கே இவ்வளவு கண்ணியம் என்றால், பிறர் உயிருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்! ஓர் உயிரை வாழவைப்பதை மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு நிகராகச் சொல்கிறது அல்குர்ஆன் (5:32).

துக்கம் ஈமானின் குறையா?

கவச உடையில் பல மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்கள். வீட்டுக்கு வந்தும் பிள்ளையைத் தூக்க அஞ்சினார்கள். உறவினர் அருகில் இல்லாத எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பார்த்தார்கள். நோய்ப்பரவல் அடங்கிய பிறகும் பலருக்கு அந்தக் காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

அவர்களிடம் "ஈமான் பலமாக இருந்தால் மனம் தளராது" என்று சொல்லிவிடாதீர்கள். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின (12:84). மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். தொழுகையும் துஆவும் மனதுக்கு ஆறுதல். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே.

நாம் செய்ய வேண்டியவை

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு, அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபியவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்தார்கள். அந்த நலவிசாரிப்பு நம் மஹல்லாவிலும் உயிர்பெறட்டும்.

1. உங்கள் தெருவிலுள்ள மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் எந்த மதத்தவராயினும் சென்று பாருங்கள். அறிவுரை சொல்லாமல், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.
2. இரவுப் பணி முடித்து வருபவர் வீட்டுக்கு ஒருவேளை உணவு கொடுத்தனுப்புங்கள். அவர்களின் வயதான பெற்றோருக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள்.
3. மீண்டும் தொற்று வந்தால் அவர்களை வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள், வெளியேற்ற விடவும் செய்யாதீர்கள்.
4. வாழ்வே வெறுத்ததாக ஒருவர் பேசினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். மனநல மருத்துவரிடம் நீங்களே உடன் செல்லுங்கள்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து (திர்மிதீ). இந்த ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே ஒருவரை நலம் விசாரிப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளைக் கவனித்தவர்களின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவாயாக! ஆமீன்.