கம்பளி சூடு தருமா?

கொச்சியில் வாழும் தமிழ் மாணவர்களுக்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டுச் செய்திதான். ஆனால் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கோ, நேர்முகத் தேர்வுக்கோ நம்மில் சிலர் ஜனவரியில் வடக்கே போகவேண்டி வருகிறது. இம்முறை அது என் பங்கு. தில்லியில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டும். உதவித்தொகையில் உடைக்கென்று ஒதுக்கக்கூடியது சொற்பம். ஆதலால் பணத்தைச் செலவிடுமுன், படித்த இயற்பியலைச் சற்றே செலவிட்டுப் பார்த்தேன்.

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நான் எறணாகுளத்துப் பிராட்வேக்குப் போனேன். குடைக்கும் வேட்டிக்கும் குறைவில்லாத அந்தக் குறுகிய தெருவில், கம்பளி உடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு கடைக்காரர் தடித்த சுவெட்டர் ஒன்றை விரித்து, "நல்ல சூடு தரும், தம்பி" என்றார். தருமா? தராது. அது சூட்டைத் தருவதில்லை. நம் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. மீன் துறைகளில் பனிக்கட்டி உருகாதிருக்க மரத்தூளும் சாக்கும் போட்டு மூடுவதும் இதே விதிப்படிதான். உள்ளே வரும் வெப்பத்தைத் தடுப்பது, வெளியே போகும் வெப்பத்தையும் தடுக்குமன்றோ?

சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. தோலின் வெப்பநிலை 33 டிகிரி என்று கொள்வோம். கொச்சியில் காற்று 28 டிகிரி என்றால் வேறுபாடு 5. தில்லியின் ஜனவரி இரவில் காற்று 8 டிகிரி என்றால் வேறுபாடு 25. வேர்வையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதே உடையில் வெப்பம் ஐந்து மடங்கு விரைவாக வெளியேறும். அதைத் தடுப்பது எது? நூல் அன்று, நூல்களுக்கிடையே அசையாது நிற்கும் காற்று. காற்று ஓர் அரிதிற்கடத்தி. ஆகவே இறுக்கமான ஒரு தடித்த உடையைவிட, சற்றே தளர்ந்த மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நன்று. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் காற்று தங்கும். சூடான அறைக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கழற்றவும் முடியும்.

இவ்விடத்தில் கணித மேதை இராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறிய அவர், ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் இரவெல்லாம் குளிர்கிறது என்று அவர் சொல்லக் கேட்ட மகலநோபிஸ், படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தைக்கடியில் செருகப்பட்டு அப்படியே இருந்தன. மேலங்கியையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு இராமானுஜன் அவற்றின்மேல் படுத்து வந்தார்! கம்பளிகளை விலக்கி உள்ளே புகவேண்டும் என்று மகலநோபிஸ் காட்டிக் கொடுத்தார். இதைக் கேட்டு நாம் நகைக்கலாகாது. எண்களின் உள்ளத்தை அறிந்தவருக்கும், குளிர்நாட்டுப் படுக்கையை ஒருவர் சொல்லித்தான் தரவேண்டியிருந்தது.

இனி ஈரம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பையைத் தூக்கி ஓடி வேர்த்தபின் நனைந்த பருத்திப் பனியனோடு நின்றால் நடுக்கம் எடுப்பது இதனால்தான். மாற்றுப் பனியன் ஒன்று கையில் இருக்கட்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. அதன் சிறப்பு அதுவே.

குளிர் காற்றில் நீராவியும் குறைவு. 0 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 5 கிராம் நீராவியே தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். வெளிக்காற்றை உள்ளே கொணர்ந்து சூடேற்றினால் அது வறண்டு, உதட்டிலும் தோலிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சும். தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆனால் அது 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும்; கெட்டுவிட்டதென்று எறிந்துவிட வேண்டாம். வாயகன்ற டப்பியில் கொண்டு போனால் விரலால் எடுக்கலாம்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நான்கு நாள் உடுத்தும் சுவெட்டர் ஆண்டின் மற்ற நாளெல்லாம் பெட்டியில் பூஞ்சை பிடிக்கிறது. நம் சங்கத்தில் கம்பளி உடைகளுக்கென ஒரு பொதுப் பெட்டி வைத்தால் என்ன? போகிறவர் எடுத்துச் செல்லட்டும். திரும்பியதும் துவைத்து உலர்த்தி வைக்கட்டும். குளிருக்கு அஞ்சியோ, உடைக்குப் பணமின்றியோ ஒரு தமிழ் மாணவரின் கட்டுரை அரங்கேறாமல் நின்றுவிடக் கூடாது. தில்லியிலிருந்து திரும்பியதும் என் சுவெட்டரே அப்பெட்டியின் முதல் உடையாகட்டும்.