படிக் கணக்கும் எடைக் கணக்கும்



உங்கள் வீட்டு உழக்கில் அரிசியைத் தலைதட்டி அளந்து தராசில் இட்டுப் பாருங்கள். பிறகு அதே உழக்கில் அரிசி மாவை அளந்து இடுங்கள். மாவின் எடை குறைவாகவே இருக்கும். அடுப்படியில் எல்லோரும் அறிந்த இந்தச் செய்தியை வயலில் உரம் இடும்போது மறந்துவிடுகிறோம். 'ஒரு லிட்டர் டப்பா, ஒரு கிலோ' என்று கணக்கிட்டு வீசுகிறோம். அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தான் பொருந்தும்.

யூரியா இயல்பிலேயே எடை குறைந்த பொருள். குருணைகளுக்கு இடையே காற்றும் இருக்கிறது. எனவே ஒரு லிட்டர் டப்பாவில் ஏறக்குறைய 750 கிராம் யூரியாவே பிடிக்கும். டி.ஏ.பி. 950 கிராமை ஒட்டி இருக்கும். பொட்டாஷ் ஒரு கிலோவை எட்டும். சில சமயம் சற்றுத் தாண்டும்.

இதனால் என்ன நட்டம்? உதாரணமாக, நெல்லுக்கு மேலுரமாக ஏக்கருக்கு 26 கிலோ யூரியா இட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 26 டப்பா வீசினால் நிலத்தில் விழுவது பத்தொன்பதரை கிலோதான். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். ஆகவே பயிருக்கு 3 கிலோ தழைச்சத்து குறைகிறது. பயிர் வெளிறியதும் நாம் பூச்சியையோ நோயையோ தேடுகிறோம்! சரியான அளவுக்கு ஏறக்குறைய 35 டப்பா வேண்டும். பத்து சென்ட் பாத்திக்கு மூன்றரை டப்பா.

உங்கள் டப்பாவின் கணக்கை நீங்களே கண்டுபிடிப்பதே நல்லது. நான் மேலே சொன்னவை தோராயமான அளவுகளே. தராசு இருந்தால் குலுக்காமல், அழுத்தாமல் நிரப்பி, தலைதட்டி, மூன்று முறை எடை போட்டுச் சராசரி எடுங்கள். டப்பாவின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். தராசு இல்லையா? புதிய யூரியா மூட்டை ஒன்றைப் பிரித்து, அதில் எத்தனை டப்பா தேறுகிறது என்று எண்ணுங்கள். 45 கிலோவை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு டப்பாவின் எடை கிடைத்துவிடும். 60 டப்பா தேறினால் டப்பாவுக்கு 750 கிராம். 2018-ஆம் ஆண்டு முதல் யூரியா மூட்டை 45 கிலோதான். பழைய 50 கிலோ நினைவில் 'அரை மூட்டை' போடுவோருக்கு அங்கேயே இரண்டரை கிலோ குறைந்துவிடும்.

யூரியாவுக்குக் கண்ட கணக்கைப் பொட்டாஷுக்கு வைக்கக்கூடாது. இரண்டின் எடையையும் டப்பாவின் வெளிப்புறத்தில் பெயிண்டால் எழுதிவையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிக் கட்டிபட்ட யூரியாவுக்கு இந்த அளவு செல்லாது. கட்டியை உடைத்துவிட்டு மறுபடியும் எடை பாருங்கள். உரம் அளந்த டப்பா மீண்டும் அடுப்படிக்குப் போகவே கூடாது.

இலைவழித் தெளிப்புக்கு டப்பாவை நம்ப வேண்டாம். பத்து லிட்டர் நீருக்கு ஒரு சத யூரியா என்றால் 100 கிராம். கைப்பிடி அளவில் அள்ளிப் போட்டு அது இருமடங்கானால் இலை கருகலாம். கடையிலேயே 100 கிராம் பொட்டலங்களாக எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெல்லிலும் இதே சங்கதிதான். நன்கு மணி பிடித்த நெல்லும் பதர் கலந்த நெல்லும் மரக்காலில் ஒரே அளவாகத் தெரியும். மரக்காலே ஊருக்கு ஊர் வேறுபடும். குவித்து அளப்பவரும் உண்டு, தலைதட்டி அளப்பவரும் உண்டு. உங்கள் நெல் மணி பிடித்த நெல்லானால், தூற்றிக் காயவைத்து, எடை போட்டே விற்பனை செய்யுங்கள்.