பழைய ஜீப்புக்குப் புது இன்ஜினா?

எஸ்டேட் ஷெட்டில் கிடக்கும் மகிந்திரா ஜீப்புக்குப் புது டீசல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் மாட்டும் ஆசை வந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு அனுமதி கேட்கிறது. ஆர்.சி.யிலும் இன்ஜின் எண் மாற வேண்டும்.

நம் மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைக் காப்பாற்றுவது பிரேக் அல்ல, சின்ன கியர். வேலை முடிந்ததும் ஒரு சிறு சரிவில் இரண்டாம் கியர் போட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டி அடங்கி இறங்குகிறதா என்று பாருங்கள். பூஸ்டர் பிரேக் என்றால் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கியர் பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டையும் மாற்ற வேண்டிவரும்; பேலன்ஸ் பார்க்காமல் விட்டால் சீட்டுக்கு அடியில் அதிரும். வயரிங் கனெக்டர்களை உயரத்தில் கட்டி, முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். குன்னூர் ஈரத்தில் செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.