வளாகக் குப்பையும் அமிர்தி மலையும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில் இருக்கிறது அமிர்தி. 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்கா, காட்டை ஊடறுத்து ஓடும் ஆறு, அருவி எல்லாம் அங்கே உண்டு. கல்லூரிகள் நிறைந்த வேலூரின் மாணவர்கள் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். காட்டில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலும் தின்பண்ட உறையும் சமவெளியிலிருந்து ஏறி வந்தவை. ஆகவே அமிர்தியைக் காக்கும் வேலை கீழே, மாணவர்கள் நாள்தோறும் உண்டு உறங்கும் வளாகத்தில்தான் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: குப்பையைத் தொட்டியில் போட்டதும் கடமை முடிந்தது.

உண்மை: வேலூரில் அள்ளிய குப்பை பல ஆண்டுகள் சதுப்பேரி ஏரியில் கொட்டப்பட்டது. ஓரிடம் சுத்தமாக ஒரு நீர்நிலை பாழானது. நம் நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி மட்கக்கூடியது. விடுதியில் மிஞ்சும் சோறும் காய்கறித் தோலும் மற்ற குப்பையோடு கலந்து காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும். அந்த உணவுக் கழிவையே தனியாகப் பிரித்தால் உரமும் சமையல் எரிவாயுவும் கிடைக்கும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பல்கலைக்கழகங்கள், மட்கும் குப்பையைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் இதனால்தான்.

நம்பிக்கை: பிளாஸ்டிக்கை விட்டுக் காகிதக் கோப்பைக்கு மாறினால் போதும்.

உண்மை: தேநீர் ஒழுகாமல் இருக்க அந்தக் காகிதத்தின் உட்புறம் பிளாஸ்டிக் பூசப்படுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் தடைசெய்த 14 பொருள்களில் இத்தகைய கோப்பையும் ஒன்று. 100 மில்லி வெந்நீர் 15 நிமிடம் இருந்தாலே ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். மாற்று, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் டம்ளர்தான். அதைக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கழுவிய நீரைத் தோட்டத்துக்குத் திருப்பலாம். வீசிய கோப்பையை எதற்கும் திருப்ப முடியாது.

நம்பிக்கை: மாணவர்களின் பழக்கத்தை மாற்றவே முடியாது.

உண்மை: நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மதுக்கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காசுக்காகச் செய்வது மனமாற்றம் ஆகுமா என்று கேட்கலாம். காட்டுக்குள் கண்ணாடிச் சில்லு கிடக்கவில்லை என்பதே யானையின் காலுக்குப் போதும். ஏற்பாடு சரியாக இருந்தால் பழக்கம் பின்னால் வரும். ஊராட்சிக்கோ மலைக்கிராமத்துக்கோ இல்லாத அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது: தன் உணவகத்தில் எதை விற்கலாம், எதில் பரிமாறலாம் என்று அதுவே முடிவு செய்யலாம். நிர்வாகங்கள் அந்த அதிகாரத்தை இந்தப் பருவத்திலேயே பயன்படுத்தட்டும். விடுதியில் சொந்த டம்ளருக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் பழகிய மாணவர், அமிர்திக்கும் அதையே எடுத்துப் போவார்.